மே மாத வெயிலில் தாம்பரத்திலிருந்து தார் பாலைவனத்துக்கு: ஒரு கானமயிலுக்காக

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் பாலைவனத்துக்குப் போகாதீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் சொர்க்கம் என்கிறார்கள். நான் மே மாதத்தில்தான் போனேன், அதுவும் காரில், குடும்பத்தோடு. வேறு மாதத்தில் லீவு கிடைக்காத ஆசிரியர் குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு என்பதால் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிப்பதற்காகப் படிக்கலாம்.

நான் பல்லாவரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில். அழிந்துவரும் உயிரினங்கள் என்ற பாடம் வரும்போதெல்லாம் கானமயிலைப் பற்றிச் சொல்வேன். ஒரு மீட்டர் உயரம், பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று, ஒரு காலத்தில் நம் கோயம்புத்தூர்ப் பக்கம்கூட இருந்தது, இப்போது பெரும்பாலும் ராஜஸ்தான் பாலைவனத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக இதே வசனம். போன ஜனவரியில் பிளஸ் ஒன் வகுப்பில் யாஸ்மின் என்ற பெண் கையைத் தூக்கினாள்.

"மிஸ், நீங்க அத்த நேர்ல பாத்துகீறீங்களா?"

"இல்லம்மா."

"பின்ன அது இன்னும் கீதுன்னு எப்டி மிஸ் அடிச்சி சொல்றீங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் மின்சார ரயிலில் குரோம்பேட்டை தாண்டியதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உண்மைதானே? பத்தொன்பது வருஷம் ஒரு படத்தைக் காட்டியே பிழைத்திருக்கிறேன். மறுநாள் வகுப்புக்குப் போனதும், "ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று அறிவித்துவிட்டேன். இந்த வாய் சும்மா இருக்கக் கூடாதா! முப்பத்தெட்டுப் பிள்ளைகள் சாட்சி. இனிமேல் பார்க்காமல் வந்தால் அந்த வகுப்புக்குள் எந்த முகத்தோடு போவது?

என் கணவர் டேனியல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பராமரிப்புக்காக அவர்கள் கம்பெனியை மே மாதத்தில் ஒரு வாரம் மூடுவார்கள். சேர்த்து வைத்த லீவையும் ஒட்டினால் பதின்மூன்று நாள். எங்கள் மகள் ஷாரன் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்துவிட்டு ரிசல்ட்டை நினைக்காமல் இருக்க எங்கே வேண்டுமானாலும் வரத் தயாராக இருந்தாள். நான்காவது ஆள் என் நாத்தனார் எஸ்தர் மதினி. பம்பாயில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் நால்வரில் இந்தி பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அந்த ஒரு தகுதிக்காகவே அவரைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன், அவரிடம் அப்படிச் சொல்லவில்லை.

டேனியலைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் இனி வருவது புரியும். அவருக்கு வாழ்க்கையின் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே மருந்து, சீக்கிரம் கிளம்புவது. தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ஊர்ந்து ஊர்ந்து போய் வந்ததில் அவருக்கு இந்த வியாதி வந்துவிட்டது. பத்து மணிக் கல்யாணத்துக்கு ஏழு மணிக்கே போய், மண்டபத்தில் சேர் துடைக்கிறவர்களோடு உட்கார்ந்திருக்கிறோம். கேட்டால், "டிராஃபிக்ல மாட்டிட்டா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனாலும் இதேதான். கோவில்பிள்ளை வந்து சர்ச் கதவைத் திறக்கும்போது நாங்கள் படியில் நிற்போம்.

திட்டமிட்டது மூன்று மாதம். பாலைவனக் காடுகள் இரண்டைப் பார்ப்பது என்று முடிவு. முதலில் குஜராத்தில் சின்ன ரண் என்ற உப்புநிலப் பகுதியில் காட்டுக் கழுதைச் சரணாலயம். பிறகு ஜெய்சல்மேர் பக்கம் பாலைவனத் தேசியப் பூங்கா. போகிற வழியில் எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்பதை ஷாரன் போனில் பார்த்து முடித்தாள். காருக்கு ஏ.சி. கேஸ், கூலண்ட், பேட்டரி, நான்கு டயர் எல்லாம் பார்த்தோம். வெயில் காலத்தில் டயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்களுடையதில் இரண்டை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம்.

தொப்பி, பருத்தித் துண்டு, பழைய போர்வை எல்லாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். பேரம் பேசி ஒரு பெரிய ஐஸ் பெட்டியும் வாங்கினேன், நானூறு ரூபாய். வீட்டுக்கு வந்து திறந்த பிறகுதான் தெரிந்தது, அது மீன்காரர் யாரோ வைத்திருந்த பெட்டி. சோடா உப்பு, எலுமிச்சை, வெயில் என்று எல்லா வைத்தியமும் செய்தேன். ஐயாயிரம் கிலோமீட்டரும் எங்கள் மோரில் வஞ்சிரம் மணந்தது. புதுப் பெட்டி வாங்குங்கள்.

ஊரே வந்து புத்தி சொன்னது. சபையில் ஒருவர், "பிள்ளைய வச்சிருக்கீங்க, ஊட்டி கீட்டி போகக் கூடாதா?" என்றார். எங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டி வருகிற முருகன் கேட்டதுதான் நெத்தியடி.

"இன்னாக்கா, பாலைவனத்துக்காமே? இங்க இல்லாத வெயிலா? அங்க போயி காசு குட்த்து காயப் போறீங்களா?"

"ஒரு பறவை பாக்கணும் முருகா."

"பறவைதானே? வேடந்தாங்கல் கிட்டத்துல கீதே!"

நான் மோட்டாரைப் போடப் போய்விட்டேன்.

கிளம்பிய அன்று மூன்றரை மணிக்கே டேனியல் எல்லோரையும் காரில் ஏற்றிவிட்டார். காரணம், ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக். நாங்கள் போன வழியோ முடிச்சூர் ரோட்டில் மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம். இதில் ஜி.எஸ்.டி. ரோடு எங்கே வருகிறது என்று கேட்டேன். "பழக்கம்" என்றார். காஞ்சிபுரத்தில் டீக்கடைக்காரர் அப்போதுதான் பாலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் சித்ரதுர்கா வரை, 550 கி.மீ. இரண்டாம் நாள் புனே தாண்டி. மூன்றாம் நாள் வதோதரா. சாலை முழுக்க நன்றாக இருக்கிறது, புனேயைச் சுற்றி மட்டும் பொறுமை வேண்டும். காலை பதினொன்றரைக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை ஓட்டிவிட்டு, ஏதாவது சாப்பாட்டுக் கடையில் மூன்றரை வரை உட்கார்ந்துவிடுவோம். இந்த ஒரு விஷயத்தில் டேனியலின் வியாதி எங்களுக்கு உதவியது. இதை அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சின்ன ரண்ணில் ஒரு நாள். தரை என்றால் தரை, கண்ணுக்கு எட்டிய வரை வெடித்த சேறு, ஒரு மேடு பள்ளம் கிடையாது. காட்டுக் கழுதைகள் என்றதும் ஷாரன் ஆர்வம் காட்டவில்லை. "நம்ம ஊர்ல இல்லாத கழுதையா மம்மி" என்றவள், ஐந்தாறு சேர்ந்து எங்கள் ஜீப்புக்குப் பக்கவாட்டில் பாய்ந்து ஓடியதைப் பார்த்ததும் இருக்கையை விட்டு எழுந்து கத்தினாள். மண்ணிறமும் வெள்ளையுமாக, அவ்வளவு அழகு. காலை ஒன்பதரைக்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. காலை நேரச் சுற்று மட்டும் போதும், மதியம் வேண்டவே வேண்டாம்.

அங்கிருந்து சாஞ்சோர், பார்மேர் வழியாக ஜெய்சல்மேர், 480 கி.மீ. ஊரைத் தாண்டி சாம் மணல்மேடுகள் பக்கம் வட்டக் குடிசைகள் உள்ள ஒரு விடுதியில் தங்கினோம். சீசன் இல்லாததால் நாங்கள் நால்வர் மட்டும்தான் விருந்தாளிகள். ஏர் கூலரோடு ஒரு குடிசை 1,500 ரூபாய். சீசனில் இதைப் போல மூன்று மடங்கு என்றார்கள். மே மாதத்துக்கு இப்படி ஒரு லாபமும் உண்டு.

பூங்காவுக்குள் இரண்டு முறை போவது என்று ஏற்பாடு செய்திருந்தோம், வந்த நாளின் மாலையில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று. அதற்கடுத்த நாள் கிளம்பியே ஆகவேண்டும். ஜீப் ஓட்டும் கமால் விடுதிக்கு வந்து மதினியோடு இந்தியில் பேசினார். கானமயிலை அவர்கள் ஊரில் கோடாவண் என்கிறார்கள். கிடைக்குமா என்று கேட்கச் சொன்னேன். மதினி கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அவர் பாத்தே மூணு வாரம் ஆச்சாம். கடவுள் குடுத்தா கிடைக்கும்னு சொல்றார்."

நாலரை மணிக்குக் கிளம்ப இருந்தோம். நாலு மணிக்கு மேற்கே அடிவானம் பழுப்பாக எழுந்து நின்றது. மழை மேகம் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் எதிர்க் குடிசை தெரியவில்லை. மணல் புயல். கதவு இடுக்குகளில் ஈரத் துண்டைச் சொருகிவிட்டு உள்ளே உட்கார்ந்தோம். புயல் ஓய்ந்தபோது இருட்டிவிட்டது. வாயில், காதில், காப்பிப் பொடி டப்பாவில் எல்லாம் மணல். ஒரு சுற்று போயே போய்விட்டது.

அன்றைக்கு நான் அழுதேன். எழுத வெட்கமில்லை. இவ்வளவு பேரை இழுத்துக்கொண்டு, இவ்வளவு செலவு செய்து, ஒரு பெண் பிள்ளையின் கேள்விக்காக இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் மணலைத் தின்றுவிட்டுத் திரும்பப் போகிறேனா என்று ஆத்திரம் வந்தது. ஷாரன், "விடு மம்மி, யாஸ்மின்கிட்ட நான் பேசறேன்" என்றாள். டேனியல் அலாரம் வைத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பூங்கா கேட்டில் சந்திப்பதாகக் கமால் சொல்லியிருந்தார். விடுதியிலிருந்து கேட் 14 கி.மீ. நடுவில் ஒரு சிக்னல் கிடையாது, ஒரு கடை கிடையாது, முந்தைய நாள் அந்தச் சாலையில் நாங்கள் எண்ணி மூன்று வண்டியைத்தான் பார்த்திருந்தோம். டேனியல் நாலரைக்குக் கிளம்பச் சொன்னார்.

"எதுக்குங்க?"

"வழியில லாரி கிரி நின்னுட்டா?"

"எந்த லாரி? இது என்ன பெருங்களத்தூரா?"

"மணல் ரோட்டுல விழுந்திருந்தா? ஒரே ஒரு சான்ஸ்தான் இருக்கு ஜெபா. ஏறு."

ஏறினோம். மணலும் இல்லை, லாரியும் இல்லை. நாலு ஐம்பதுக்கெல்லாம் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றோம். ஆள் அரவம் இல்லை. தூக்கமும் கெட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் நடுரோட்டில் உட்கார வேண்டும். எனக்கு வந்த கோபத்தை அப்படியே இங்கே எழுத முடியாது. கல்யாண மண்டபத்தில் சேர் துடைக்கிறவர்களோடு உட்கார்ந்ததிலிருந்து ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷக் கணக்கையும் அந்த மனிதரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் பாவம், சாலையோரத்தில் பாயை விரித்தார். மதினி ஐஸ் பெட்டியை மேசையாக வைத்து, விடுதியில் கட்டிக் கொடுத்த ரொட்டியை எடுத்தார். நல்லெண்ணெயில் குழைத்த இட்லிப் பொடியைத் தொட்டுச் சாப்பிட்டோம். ராஜஸ்தான் ரொட்டிக்கு நம்ம இட்லிப் பொடியை விடப் பொருத்தமான ஜோடி கிடையாது, நம்பி எடுத்துப் போங்கள்.

கிழக்கே மெல்ல வெளுத்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பூங்கா வேலி. எங்கள் பக்கம் யாரோ ஒருவரின் தரிசு வயல், காய்ந்த புல், நாலைந்து வன்னி மரம். நான் வேலியையே பார்த்துக்கொண்டு, கோபம் தீராமல் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்த மதினி கையை நிறுத்தினார்.

"ஜெபா, வயல்ல நிக்கிறது ஒட்டகக் குட்டியா?"

"ஒட்டகக் குட்டி எங்க மதினி..." என்று திரும்பினேன்.

நூறு நூற்றைம்பது அடி தூரம் இருக்கும். வெள்ளைக் கழுத்து. தலையில் கறுப்புத் தொப்பி. மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை, ஆண் பறவை. பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்த சீனியர் டீச்சர் போல, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து நடந்துகொண்டிருந்தது. நாலு எட்டு நடக்கும், நிற்கும், தலையை நிமிர்த்தி இரண்டு பக்கமும் பார்க்கும். குனிந்து எதையோ கொத்தும். வெட்டுக்கிளியாக இருக்கும்.

பைனாகுலர் கார் டிக்கியில் இருந்தது. கதவைத் திறந்தால் சத்தம் கேட்டுப் போய்விடும் என்று அசையவில்லை. வாயில் இருந்த ரொட்டியை மெல்லக்கூட இல்லை. ஷாரன் மட்டும் போனை மடியிலிருந்து அங்குலம் அங்குலமாகத் தூக்கினாள். ஆண்டவரே, நிஜமாகவே இருக்கிறது! புத்தகத்தில் இருப்பதைவிடப் பெரிது, படத்தில் இருப்பதைவிட அமைதி. சூரியன் எழுந்து அதன் முதுகில் பட்டபோது அந்தப் பழுப்பு இறகு தேன் நிறமாக மாறியது. அப்புறம் வன்னி மரங்களுக்குப் பின்னால் நடந்து போய், கண்ணிலிருந்து மறைந்தது. பறக்கக்கூட இல்லை.

நான் திரும்பி டேனியலைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது பாருங்கள், அதை ஆயுசுக்கும் சகித்துக்கொள்ள வேண்டும்.

ஆறு மணிக்குக் கமால் வந்தார். மதினி சொன்னதை அவர் நம்பவில்லை. வேலிக்கு வெளியிலேயா என்று இரண்டு முறை கேட்டார். ஷாரனின் போனைப் பெரிதாக்கிப் பார்த்ததும் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் நாலு மணி நேரம் பூங்காவுக்குள் ஜீப்பில் சுற்றினோம். சிங்காரா மான்கள், ஒரு பாலைவன நரி, கழுகுகள், வாலில் முள் வைத்த பல்லி எல்லாம் கிடைத்தன. கோடாவண் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆறு மணிக்கு வந்திருந்தால் பதின்மூன்று நாளும் வீண் என்று மதினி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தம்பியை விட்டுக்கொடுப்பாரா?

வந்த வழியே ஐந்து நாளில் திரும்பினோம். மொத்தம் 5,140 கி.மீ. டீசல் 32,000 ரூபாய்க்குச் சற்று மேல், டோல் ஒன்பதாயிரத்தை ஒட்டி. பூங்காக் கட்டணமும் ஜீப் வாடகையும் அடிக்கடி மாறுவதால் போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், உப்பும் சர்க்கரையும் கூடவே. மணல் புயலுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள், எங்களைப் போல இரண்டே சுற்றை நம்பிப் போகாதீர்கள். கானமயில் முட்டையிடும் காலம் இது. ஜீப்காரர் கிட்டே போகலாம் என்று ஆசை காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தாய்ப் பறவை ஒருமுறை மிரண்டு எழுந்தால் அந்த முட்டை காக்கைக்கும் நரிக்கும்தான். வழியெல்லாம் மின்கம்பிகள் ஓடுவதைப் பார்ப்பீர்கள். கனமான உடம்பு, சட்டென்று விலகத் தெரியாமல் அதில் மோதித்தான் பல பறவைகள் சாகின்றன என்று கமால் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கம்பிகளை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. அந்த வயலில் நடந்தது அடுத்த வருஷமும் நடக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

கடைசி ஆலோசனை, இதை எழுத எனக்குக் கை வரவில்லை: எங்கே போனாலும் சீக்கிரம் கிளம்புங்கள். டேனியல் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று அதே பிள்ளைகள் பிளஸ் டூ வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஷாரன் எடுத்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதில் பளிச்சென்று தெரிவது மீன் பெட்டி, பிளாஸ்க், டேனியலின் முழங்கால். தூரத்தில் மங்கலாக ஒரு கோடு. படம் கைமாறிக் கைமாறி யாஸ்மினிடம் போனது. அவள் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"மிஸ், இதுல ஒண்ணுமே தெர்ல மிஸ்."

"தெரியாதுதான்."

அவள் படத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு இல்லை.

"நீங்க பாத்தீங்களா மிஸ்?"

"பாத்தேண்டி" என்றேன். "கீது."